படகில் ஒரு மஸ்டர்

அத்தியாயம் 14

போன வாரம் சுஜாதா தன் அப்பாவின் முன்னால் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாளே, அதற்குப் பலன் கிடைத்தது. பொன்னுவேல் படகு ஏறச் சம்மதித்துவிட்டார்.

சும்மா சம்மதித்துவிடவில்லை. எட்டு மாதமாக மகளிடம் அவர் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்து ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்கிற கம்பெனியிலேயே மகள் வேலைக்குப் போனால் எந்த அப்பனுக்குத்தான் பேச்சு வரும்?

வெள்ளிப்பாறை எஸ்டேட் கை மாறி மூன்று வருடமாகிறது. காப்பிச் செடியைவிட விருந்தாளிகள்தான் அதிகம் காய்ப்பார்கள் என்று புது முதலாளிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். எஸ்டேட்டின் பழைய ஏரியை ஆழப்படுத்தினார்கள். கொச்சியிலிருந்து ஒரு பாய்மரப் படகை இரண்டு துண்டாக்கி, லாரியில் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே கொண்டுவந்தார்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை பயணம். நடு ஏரியில் நீச்சல். மதிய சாப்பாடு படகிலேயே. சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரே ஒரு இடைஞ்சல், கரையோரம் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருந்த பதினைந்து லைன் வீடுகள். அந்த இடத்தில் காட்டேஜ் கட்ட வேண்டுமாம். ஆறு குடும்பங்கள் சலித்துப்போய் இறங்கிவிட்டன. ஒன்பது குடும்பங்கள் மட்டும் கோர்ட்டில் கேஸ் போட்டுவிட்டுப் பொன்னுவேலின் பின்னால் நின்றன.

"யாரும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. ஒரே ஒரு வீடு எழுதிக் குடுக்காம நின்னாக்கூட கேஸ் நிக்கும்" என்று சேலத்து வக்கீல் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பொன்னுவேல் கூரியர்காரனுக்குக்கூடக் கையெழுத்துப் போடுவதில்லை.

வெள்ளிக்கிழமை வாய்தா. இன்று புதன்.

"நம்ம ஏரி, நம்ம ஆளுங்க. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் அவங்களும் படகுல ஏறட்டுமே சுஜாதா" என்று மேனேஜர் ஆஷ்லின்தான் முதலில் சொன்னாள். சொன்ன விதத்தில் சுஜாதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்து நாலு வயதுப் பெண். நல்ல வார்த்தை சொன்னால் நம்பிவிடுகிற வயதுதான் அது.

காலை ஒன்பதரைக்கெல்லாம் பதினாறு பேர் படகுத்துறையில் நின்றார்கள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தலை நிறையப் பூ, தேய்த்த சட்டை. சுஜாதா நீலச் சட்டையும் தொப்பியுமாகப் படகின் மேல் நின்று கை நீட்டினாள்.

பொன்னுவேல் குனிந்து செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்துவிட்டு மற்ற பதினைந்து பேரும் கழற்றினார்கள்.

"செருப்போட ஏறலாம்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இருக்கட்டும் சாமி. புதுசா ஏறற எடம்."

சாமி! எட்டு மாதத்துக்குப் பிறகு அப்பா அவளைச் சாமி என்று கூப்பிட்டார். சுஜாதா சட்டென்று திரும்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் ஒரு கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

படகோட்டி பழனிசாமி பாயை ஏற்றினான். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. பாய் ஒரு தடவை படபடத்துவிட்டுப் புடைத்தது. படகு சத்தமே இல்லாமல் கரையைவிட்டு நகர்ந்தது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏனுங்க, மோட்டார் போடவே இல்லீங்க, போகுது பாருங்க" என்றாள் சுஜாதாவின் அம்மா மாதம்மாள்.

"காத்துல போகுதாட்டம் இருக்குது" என்றார் பொன்னுவேல், ஏதோ தானே அதைக் கண்டுபிடித்தது போல.

நடு ஏரிக்கு வந்ததும் பழனிசாமி பாயை இறக்கினான். இங்கேதான் விருந்தாளிகள் நீந்துவார்கள். நீச்சல் தெரியாதவர்கள் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மிதப்பார்கள். லைன் வீட்டு ஜனங்கள் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள். இறங்குவார் யாரும் இல்லை.

மாதம்மாள் மட்டும் எழுந்து நின்று, சேலையை இழுத்துச் செருகினாள்.

"அம்மா, என்ன பண்ற?"

"இல்ல கண்ணு, சும்மா..." என்றாள். அடுத்த நொடி ஆளைக் காணோம். தண்ணீர் தெறித்தது. ஆஷ்லின் வீலென்று கத்தினாள். பழனிசாமி மிதவையைத் தூக்கினான்.

பத்தடி தள்ளி மாதம்மாளின் தலை மேலே வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, பல் தெரியச் சிரித்தாள். பிறகு கையை வீசி நீந்தினாள் பாருங்கள்! ஐம்பத்து நாலு வயதுப் பொம்பிளை என்று யாரும் சொல்ல முடியாது.

மாதம்மாள் பிறந்தது அடிவாரத்துக்குப் பக்கத்தில். கிணறுகளில் குதித்து வளர்ந்தவள். கல்யாணமாகி மலையேறியவள், அதன் பிறகு முப்பத்திரண்டு வருடம் குடத்துத் தண்ணீரைத்தான் பார்த்தாள். அவளுக்கு நீந்தத் தெரியும் என்பதே பொன்னுவேலுக்குத் தெரியாது.

"எனக்கே தெரியாதுங்களே! ஒரு வார்த்தை சொன்னதில்லீங்களே இவ" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வெட்கமும் பெருமையுமாக அவர் முகம் சின்னப் பையன் முகம் போல ஆகிவிட்டது. சுஜாதா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த ஒரு நாளைக்காக எட்டு மாதம் பட்டினி கிடந்திருந்தாலும் தகும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் ஆஷ்லின் அவள் கையில் ஒரு ஃபைலைக் கொடுத்தாள்.

"ஃபார்ம் வாங்கிடலாமா சுஜாதா? பர்மனென்ட் ஸ்டாஃப் ஒன்பது பேர்கிட்ட மட்டும் போதும்."

சுஜாதாவுக்குப் பழகிப்போன ஃபார்ம். படகில் ஏறுவதும் தண்ணீரில் இறங்குவதும் என் சொந்தப் பொறுப்பு என்று எழுதியிருக்கும். தினமும் முப்பது நாற்பது பேரிடம் வாங்குகிறாள். வழக்கமாகக் கரையிலேயே வாங்கிவிடுவார்கள், ஒரே பக்கம்தான் இருக்கும். இன்று இரண்டாவதாக ஒரு பக்கம் பின் அடித்திருந்தது. கையெழுத்துப் போடும் கோடு அதில் இருந்தது.

"இன்சூரன்ஸ் மாத்திட்டாங்க" என்றாள் ஆஷ்லின்.

சுஜாதா பிளஸ் டூ படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாள். படிக்கவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து அம்மா, "கண்ணு, இங்க பாரு!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பேனாவைக் கண்டதும் ஜனங்களின் சிரிப்பு நின்றது.

"எதுக்குக் கண்ணு கையெழுத்து?" என்றாள் பக்கத்து வீட்டு ஜெயகுமாரி.

"படகுல வர்ற எல்லாரும் போடறதுதாங்கக்கா. டெய்லி வாங்கறேன்."

யாரும் அசையவில்லை. மூன்று வருடமாக மூடிய கைகள் அவை. ஆஷ்லின் திரும்பி எஸ்டேட் ரைட்டர் கந்தசாமியைப் பார்த்தாள். கந்தசாமி அதுவரை யார் முகத்தையும் பார்க்காமல் பாய்மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாக எழுந்து, பழைய நோட்டைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார்.

எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் செருமல் என்னவென்று தெரியும். காலை ஆறரை மணிக்கு ஆபீஸ் வாசலில் மஸ்டர். பனி கொட்டினாலும் மழை கொட்டினாலும் வரிசையில் நிற்க வேண்டும். ரைட்டர் பேர் கூப்பிடுவார். "இருக்கேனுங்க" என்று சொல்லிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். வைக்கத் தவறினால் அன்று முழுக்கக் காட்டில் காப்பிப் பழம் பறித்தாலும் நீ வரவில்லை என்றுதான் கணக்கு. முப்பது வருடம், நாற்பது வருடம் அப்படியே பழகிய காதுகள்.

"மாரிமுத்து!" என்றார் கந்தசாமி.

"இருக்கேனுங்க" என்று மாரிமுத்துவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் அவன் பேனாவைத் தொடாமல் பொன்னுவேலைப் பார்த்தான்.

பொன்னுவேல் மகளைப் பார்த்தார்.

"என்ன பேப்பரு சாமி?"

"நான் தினமும் வாங்கறதுதாம்பா."

அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எட்டு மாதம் மகளைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற உறுத்தலோ என்னவோ, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"என்ற மக நீட்டற பேப்பரு. போடுங்கப்பா."

அவ்வளவுதான். ஒவ்வொரு பேராக வந்தது. ஒவ்வொரு கையாக நீண்டது. எட்டுப் பேர் முடிந்தார்கள். பொன்னுவேல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால், அந்த வீடு இப்போது மாதம்மாள் பேரில் இருந்தது. ஒன்பதாவது பேர் அவளுடையது.

"மாதம்மாள்!"

"இருக்கேனுங்க!" என்று ஏரிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. படகே குலுங்குகிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். கந்தசாமி மட்டும் சிரிக்காமல் நோட்டை மூடினார்.

சாப்பாடு ஒரு மணிக்கு. தட்டில் காய்கறி பிரியாணி, வறுத்த மீன், மிளகுக் கோழி, கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம் பாயசம். விருந்தாளிகளுக்கு மேஜை போடுவார்கள். இவர்கள் மேஜையை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மாதம்மாள் ஈரத் தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு இரண்டு முறை மீன் வாங்கிச் சாப்பிட்டாள்.

பரிமாறிக்கொண்டே வந்த மகளைப் பொன்னுவேல் நிறுத்தினார்.

"நீயும் ஒரு வாயி சாப்புடு சாமி. காலைல இருந்து நின்னுட்டே இருக்கற."

"அப்புறம் சாப்பிடறேம்பா."

"நல்ல வேலைதான் உன்னுது. நாந்தான் தப்பா நெனச்சுப்போட்டேன்" என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி.

சுஜாதா காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு கீழே சமையல் அறைக்கு ஓடினாள். அங்கே நின்று ஒரு பாட்டம் அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுத கடைசி அழுகை அதுவாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஆஷ்லின் இறங்கி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"எட்டு வந்திருச்சு சுஜாதா. போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பிட்டேன். அம்மாவோடது மட்டும் பாக்கி. கரைக்குப் போறதுக்குள்ள வாங்கிடுங்க. வெள்ளிக்கிழமைக்கு ஒன்பதும் கையில இருந்தாத்தான் கேஸை முடிக்க முடியும்."

"கேஸா? எந்தக் கேஸ் மேடம்?"

ஆஷ்லினின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"ரெண்டாவது பக்கத்தைப் படிச்சுட்டுத்தானே வாங்கினீங்க?" என்றாள். மாதம்மாள் பேர் போட்ட தாளைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு, எட்டுத் தாள் இருந்த ஃபைலைக் கையோடு எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

சுஜாதா படித்தாள். முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். லைன் வீட்டை நானே என் விருப்பத்தின்பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முப்பது நாளில் காலி செய்து தருகிறேன். கம்பெனியின் மேல் நான் போட்ட வழக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

மேலே ஜனங்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் பலகை வழியாகக் கேட்டது. எட்டு வீடு. ஜெயகுமாரி அக்கா, மாரிமுத்து, எல்லோரும். அவள் கையால் பேனா கொடுத்து வாங்கியது. அப்பாவின் வாயால் சொல்ல வைத்து வாங்கியது.

எங்கே போய்ச் சொல்வாள்? மகள்தான் வாங்கிக் கொடுத்தாள் என்றால் நாளைக்கு யார் நம்புவார்கள், அப்பாவுக்குத் தெரியாது என்று? கம்பெனியிடம் மகளை விட்டுப் பேரம் பேசிவிட்டான் பொன்னுவேல் என்றல்லவா சொல்வார்கள்? மூன்று வருடம் ஒன்பது குடும்பத்தையும் கட்டி நிறுத்திய மனிதன், இனி அந்த வரிசையில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

ஒரே ஒரு வீடு நின்றால்கூடக் கேஸ் நிற்கும். வக்கீல் சொன்ன வார்த்தை திடீரென்று ஞாபகம் வந்தது.

அம்மா இன்னும் போடவில்லை!

மேடைமேல் கிடந்த தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் நீட்டினாலும் போடாதே என்று ஒரே ஒரு வார்த்தை. ஏணியில் இரண்டு இரண்டு படியாக ஏறினாள்.

மேலே பாய் திரும்ப ஏறியிருந்தது. படகு கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

"அம்மா எங்கக்கா?"

"ரைட்டரைத் தேடிட்டுப் போனா கண்ணு" என்றாள் ஜெயகுமாரி. "நொம்ப நன்றி சாமி உனக்கு. உன்னாலதான் நாங்களும் இந்த மாதிரி ஒரு நாளைப் பாத்தோம்."

சுஜாதா அவளைத் தள்ளாத குறையாகத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

பாய்மரத்துக்கு அந்தப் பக்கம் கந்தசாமி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மாதம்மாள் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். சுஜாதா போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அவர்கள் பேச்சு காதில் விழுந்தது.

"நாளைக்குப் போட்டுக்கலாம், போ மாதம்மா. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் கந்தசாமி. அந்த மனிதருக்கும் எங்கோ ஒரு மூலையில் மனசு உறுத்தியிருக்க வேண்டும்.

"அதெப்படிங்க? பேரு கூப்புட்டீங்க, இருக்கேன்னு சொன்னேன், கையெழுத்து விட்டுப்போச்சுங்களே. இன்னைக்கு நாளு போயிருமுங்க. எல்லாருதும் இருந்து என்றது மட்டும் இல்லாட்டி நல்லாருக்குமுங்களா?"

"அடம் புடிக்காத மாதம்மா."

"ஒரு நாளாச்சும் மஸ்டர் விட்டிருக்கறனுங்களா நானு? நீங்களே சொல்லுங்க."

கந்தசாமி நோட்டைத் திரும்பப் பிரித்தார். கைவசம் இன்னொரு தாள் வைத்திருந்தார். அதை எடுத்து நோட்டின்மேல் வைத்தார். முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மா! வேண்டாம்மா!" என்று சுஜாதா கத்தினாள். காற்றில் பாய் படபடவென்று அடித்தது.

மாதம்மாள் திரும்பினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்திருந்தும் விரல் நுனியில் தண்ணீர் மினுங்கியது. பேனாவைக் கந்தசாமியிடம் கொடுத்துவிட்டுத் தாளை இரண்டு கையாலும் ஏந்தி மகளிடம் காட்டினாள்.

முப்பது வருடம் கட்டைவிரலை மையில் வைத்தவள் அவள். போன வருடம், விளக்குக்கு நேராக உட்கார வைத்து, சுஜாதாதான் அவளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தாள். ஐந்து எழுத்துக்கும் ஒரு மாதம் ஆனது.

"பாரு கண்ணு! கோட்டை விட்டுக் கீழ எறங்காம போட்டிருக்கறேன் இன்னைக்கு. நல்லாருக்குதா?"

நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கோட்டின்மேல் நின்றது. சுஜாதா தாளைப் பிடுங்குவதற்குக் கை நீட்டினாள்.

அதற்குள் ஆஷ்லினின் கை வந்துவிட்டது. "தேங்க்ஸ்ங்கம்மா" என்று மரியாதையாக வாங்கிக்கொண்டாள். அங்கேயே நிழலில் பிடித்து, போனில் ஒரு படம். போன் சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது. தாள் ஃபைலுக்குள் போய்விட்டது.

"என்ன கண்ணு, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? சாப்பிடலையா நீயி?" என்று மாதம்மாள் மகளின் கன்னத்தைத் தொட்டாள். விரல் ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது.

"சுஜாதா, இங்க வா சாமி! சீக்கிரம் வா!"

படகின் முன்பக்கத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். அவர் குரலில் இப்படி ஒரு உற்சாகத்தை அவள் கேட்டே வெகு நாளாயிற்று. கால்கள் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தின. பொன்னுவேல் கரையைக் காட்டினார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அவர்களுடைய வரிசை முழுசாகத் தெரிந்தது. ஓட்டுக் கூரைகள். கொடியில் காயும் துணிகள். கடைசி வீட்டு வாசலில் மாதம்மாள் வைத்த செவ்வந்திச் செடி. அவருக்கு அறுபது வயது. அத்தனை வருடமும் அதற்குள்ளேயே இருந்தவர், தள்ளி நின்று அதைப் பார்த்ததில்லை.

"நம்ம ஊடு பாரு சாமி. இங்கிருந்து பாத்தா எத்தன லட்சணமா இருக்குது!"

பின்னால் யாரோ பாட ஆரம்பித்தார்கள். எட்டு வீட்டு ஜனங்களும் கை தட்டினார்கள். கரை நெருங்கிக்கொண்டிருந்தது. படகுத்துறையில் பதினாறு ஜோடிச் செருப்பும் விட்ட இடத்திலேயே வரிசையாகக் கிடந்தன.

கரை ஏறும் வரைக்குமாவது இவர் இப்படியே இருக்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. கரை ஏறிய பிறகு சொன்னால், முன்னாலேயே தெரிந்துகொண்டு மறைத்தாள் என்றுதான் ஆகும் என்றது இன்னொரு மனசு. சட்டைக்குள் மடித்து வைத்த தாள் வயிற்றில் குத்தியது. இனி ஒன்றுக்கும் உதவாத வெறும் தாள்.

"அப்பா" என்றாள் சுஜாதா.

அவர் சிரித்த முகத்தோடு திரும்பினார்.

"சொல்லு சாமி."